இருபத்தாறு தப்பு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் கமா, வயதில் சின்னவர்களுக்குக் கமா அக்கா. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

நாங்கள் இருவரும் நீதிமன்றத்தின் நகல் பிரிவில் வேலை செய்கிறோம். தீர்ப்பு வேண்டும், சாட்சியம் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு மூலத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து, முத்திரை குத்திக் கொடுக்கிற இடம். அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் பழைய வழக்குக் கட்டுகளைப் பார்த்ததில்லை. அவற்றில் பாதி கிறுக்கல், மீதியைப் பூச்சி தின்றிருக்கும். தட்டச்சு முடிந்ததும் ஒப்பிட வேண்டும். ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிப்பார். எதிரில் இருப்பவர் நகலில் ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு மர ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே போவார். சொல்லை மட்டும் படித்தால் போதாது. கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "வாதி கமா தன் வாக்குமூலத்தில் கமா" என்று பதினாறு வருஷமாக நான் கத்துகிறேன். பதினாறு வருஷமாக அவள் ஸ்கேலை நகர்த்துகிறாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. பத்துப் பக்கம் தாண்டினால் குரல் ஏறிவிடும். கமாக்களைத் தின்றுவிடுவேன். அப்போதெல்லாம் ஸ்கேல் நின்றுவிடும். தலையைத் தூக்காமலே, "அக்கா, அங்க ஒரு கமா இருக்குமே" என்பாள். மூலம் என் கையில் இருக்கிறது, அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. எரிச்சலோடு குனிந்து பார்த்தால் கமா அங்கே இருக்கும். ஒருமுறையாவது இல்லாமல் போகாதா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

எங்கள் பிரிவில் இன்னும் இரண்டு விதிகள் உண்டு. மூலத்தில் ஒரு சொல் படிக்க முடியவில்லை என்றால் ஊகித்து எழுதக் கூடாது. இடத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் 'தெளிவில்லை' என்று குறிக்க வேண்டும். அடுத்தது, ஜன்னலில் நிற்கிறவரிடம் நகலைக் கொடுக்கலாம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கக் கூடாது. நாம் குமாஸ்தாக்கள், வக்கீல்கள் இல்லை.

அந்தக் கடைசி விதிதான் அவளைச் சட்டம் படிக்கத் தள்ளியது. ஒருநாள் துணி தைக்கிற ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். அவள் குடியிருந்த வீட்டைப் பற்றிய வழக்கு. நாற்பத்தெட்டுப் பக்கத் தீர்ப்பு. நகலைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இவ்வளவு எழுதியிருக்காங்களே, எனக்குச் சாதகமாத்தான் இருக்கும் இல்ல?" என்றாள். அவள் தோற்றிருந்தாள். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் இருந்தது. அந்தத் தீர்ப்பை ஒரு கமா விடாமல் ஒப்பிட்டவள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல்காரப் பெண் சிரித்த முகத்தோடு போனாள். இரண்டு மாதம் கழித்து, வீட்டைக் காலி செய்யச் சொன்ன உத்தரவோடு திரும்பி வந்தாள். சண்டை போடவில்லை. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தங்கச்சி" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மதியம் கமா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து ஜன்னலில் யார் எதைக் கேட்டாலும், "இன்னைக்கே ஒரு வக்கீலைப் பாருங்க" என்று ஒரு வரி சொல்ல ஆரம்பித்தாள். விதிக்குள் அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அந்த வருஷமே மாலை நேரச் சட்டக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். வேலையில் இருந்துகொண்டு படிக்க நாற்பது ஆவதற்குள் சேர்ந்தால்தான் எங்கள் துறை அனுமதி கொடுக்கும். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு.

அவள் தேறிவிடுவாள் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. நூற்றிருபது கேள்வி. நீளநீளமான பத்திகள், அவற்றுக்குக் கீழே நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. வாழ்நாள் முழுக்கத் தீர்ப்பு படித்தவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று பிரிவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அறுபத்தொன்பது வாங்கினாள். அந்த வருஷம் தொண்ணூற்றிரண்டு வாங்கியவர்வரைதான் இடம் கிடைத்தது.

மதிப்பெண்ணைத் தன் கைபேசியில் பார்த்தாள், என்னிடம் நீட்டினாள், திரும்ப வாங்கி மேஜை அறைக்குள் வைத்தாள். "படிங்க அக்கா, பதினேழாம் பக்கம்" என்றாள். நான் படித்தேன். அவளுடைய ஸ்கேல் வழக்கம்போல வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. அன்று அவள் வீட்டில் நடந்ததை அவளே பிறகு சொன்னாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். அன்று அவர் தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்பதாவது படிக்கும் மகள், "அப்ப நீ ஃபெயிலாம்மா?" என்று கேட்டு அப்பாவிடம் திட்டு வாங்கினாளாம். கமா புத்தகங்களை ஒரு பையில் கட்டி, பரண்மேல் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள்.

அடுத்த பதினொரு நாள் அவள் தேர்வைப் பற்றிப் பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள். நகல் எடுக்கிறவளுக்கு எதற்கு வக்கீல் கோட்டு என்று ஆவண அறையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அவருக்கு என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் இன்றும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுவார்.

பன்னிரண்டாம் நாள் தபாலில் ஒரு உறை வந்தது. தேர்வை நடத்தியவர்களிடம் தன் விடைத்தாளுக்கும் கேள்வித்தாளுக்கும் நகல் கேட்டு அவள் மனுப் போட்டிருந்தாள். மதிப்பெண் வந்த அன்றே. அந்த ஏமாற்றத்துக்கு நடுவிலும் நகலுக்கு மனுப் போட வேண்டும் என்று ஒருத்திக்குத் தோன்றுமானால் அது எங்கள் பிரிவுக்காரியாகத்தான் இருக்க முடியும்.

மதிய இடைவேளையில் மேஜையைத் துடைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். தேர்வை நடத்தியவர்கள் வெளியிட்ட சரியான விடைகளின் பட்டியல் என் கையில், அவளுடைய விடைத்தாள் அவள் முன்னால், அதன்மேல் ஸ்கேல்.

"ஒன்று, இ" என்றேன்.

"சரி."

"இரண்டு, அ."

"சரி."

சரி, சரி, சரி என்றே போனது. முப்பதைத் தாண்டினோம், ஒரு தப்பு. ஐம்பதைத் தாண்டினோம். இன்னொன்று. எழுபத்தொன்றுக்கும் சரி என்றாள். நான் எழுபத்திரண்டு என்றேன். ஸ்கேல் நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"காலி" என்றாள்.

எழுபத்துமூன்று காலி. எழுபத்துநாலு காலி. அங்கிருந்து நூற்றிருபதுவரை ஒரு குறிகூட இல்லை. பட்டியலை மேஜைமேல் போட்டேன். தொட்டது எழுபத்தொன்று, அதில் தப்பு இரண்டே இரண்டு. ஒரே நிமிஷத்தில் எனக்குப் பெருமையும் வந்தது, அவளை அறைய வேண்டும்போலவும் இருந்தது.

"மீதிக்கு என்ன ஆச்சு?"

"நேரம் போயிடுச்சு. ஒவ்வொரு பத்தியா படிச்சேன்."

"எப்படிப் படிச்ச?"

கொஞ்சம் யோசித்தாள். "உங்க குரல்லதான், அக்கா. கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாத்தோடும்."

அந்தத் தேர்வு அறையில், மணி ஓடிக்கொண்டிருக்கும்போது, இவள் தலைக்குள் நான் உட்கார்ந்துகொண்டு அடைப்புக்குறி ஆரம்பம், அடைப்புக்குறி முடிவு என்று கத்தியிருக்கிறேன். என்னால்தான் போயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எரிந்து விழுந்தேன்.

"சரி, நேரம் இல்ல. கடைசி நிமிஷத்துல குருட்டாம்போக்குல எதையாவது போட்டிருக்கலாமே? தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"படிக்காததுக்கு எப்படி அக்கா பதில் போடறது? காலியாத்தானே விடணும்."

அந்த நாற்பத்தொன்பது கட்டங்களின் ஓரத்தில் அவள் 'தெளிவில்லை' என்று எழுதாததுதான் பாக்கி. அவள் அந்தக் காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். பிறகு, "நான் தோக்கல அக்கா. போய்ச் சேரல, அவ்வளவுதான்" என்றாள். அன்று மாலை அவள் கணவர் பரணிலிருந்து பையை இறக்கினார். அனுமதி வயதுக்குள் அவளுக்கு இன்னும் ஒரே ஒரு முறைதான் மிச்சம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். பதினாறு வருஷம் கையில் ஊறிய பழக்கத்தை ஒருத்தி மாலையில் கழற்றி வைத்துவிட்டு, காலையில் திரும்ப மாட்டிக்கொள்வதை நான் கண்ணால் பார்த்தேன். இன்னொருவர் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

முதல் காரியமாக, சரியாக ஐந்து மணிக்கு மர ஸ்கேலை என்னிடம் கொடுத்தாள். "இதை நீங்க வெச்சுக்கோங்க. காலையில வாங்கிக்கறேன்." ஸ்கேல் பக்கத்தில் இருந்தால் கண் தானாக வரிவரியாக இறங்குகிறதாம். அன்றிலிருந்து அது என் கைப்பையில் வீட்டுக்கு வந்து போனது. பேருந்தில் அது ஒருவருடைய விலாவில் குத்தி, நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அடுத்தது, தப்புப் போடப் பழகினாள். காலையில் பிரிவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, தாழ்வாரத்துப் பெஞ்சில் பழைய கேள்வித்தாளோடு உட்கார்வாள். மணி அடிக்கும்போது எது மிச்சம் இருந்தாலும் படிக்காமலே குறி வைத்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டாள். முதல்நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் குறி வைத்தாள், ரப்பரால் அழித்தாள், திரும்ப வைத்தாள், திரும்ப அழித்தாள். தாள் கிழிந்துவிட்டது. உள்ளங்கை வேர்த்துப் பென்சில் வழுக்குகிறது என்று பாவாடையில் துடைக்கும் பள்ளிப் பிள்ளைபோல் சேலையில் துடைத்துக்கொண்டாள். பொய் சாட்சி சொல்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று மாதத்தில் அவள் படித்து முடிக்கிற கேள்விகள் எழுபத்தொன்றிலிருந்து எண்பத்துநாலு ஆயின. பிறகு தொண்ணூற்றொன்று. அங்கேயே நின்றுவிட்டது. ஐந்து வாரம் தொண்ணூற்றொன்றாவது கேள்வியைத் தாண்ட முடியவில்லை. ஒருநாள் ஆவண அறையில் கட்டு எடுக்கப் போனவளைக் காணோம் என்று தேடிப் போனால், அலமாரிகளுக்கு நடுவில் நின்று முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் கட்டை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, வந்தாலும் அவளுக்குப் பிடிக்காது.

முடிச்சை அவிழ்த்தது அந்தப் பேசாத மனிதர். சமையலறையில் அவள் பழைய தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாளாம். அவர் கருவிப் பையைத் துடைத்துக்கொண்டே, "ஏன் எல்லா மாடியிலயும் நிக்கற?" என்று கேட்டாராம்.

"என்னது?"

"லிஃப்ட் எல்லா மாடியிலயும் நின்னா எப்ப மேல போய்ச் சேரும்? எந்த மாடியில பட்டன் அழுத்தினாங்களோ அங்க நின்னா போதும். முதல்ல கேள்வியைப் பாரு. அது எந்த வரிக்குப் பட்டன் அழுத்துதுன்னு பாரு."

தன் படிப்பை லிஃப்டோடு சேர்த்துவிட்டார் என்று அவளுக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேள்வியை முதலில் படித்தாள். நூற்றுநாலு.

எனக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. காலையும் மாலையும் இப்படி வரி தாண்டிப் பழகுகிறவள் பகலில் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? எங்கள் நகலில் ஒரு வரி விட்டுப்போனால் ஒருவருடைய வீடு போகலாம், வேலை போகலாம். கேட்டால் வருத்தப்படுவாள் என்று திருட்டுத்தனமாகச் சோதித்தேன். அறுபது பக்கச் சாட்சியம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற நேரம். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு முழு வரியை விட்டுவிட்டு, குரல் மாறாமல் அடுத்ததைப் படித்தேன்.

ஸ்கேல் நின்றது.

"அக்கா, ஒரு வரி விட்டுட்டீங்க. தூக்கம் வந்தா முகம் கழுவிட்டு வாங்களேன்."

எழுந்து போய் முகம் கழுவினேன். குழாயடியில் நின்றபோது உடம்பு சிலிர்த்தது. ஒரே கண், ஒரே மூளை. அதற்குள் கமா விடாதவள் ஒருத்தியும் பத்தியையே தாவுகிறவள் ஒருத்தியும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் குடியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்திருந்தும் நான் இவளைச் சரியாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

இரண்டாவது தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நானும் போனேன். அவள் கணவரும் மகளும் நானும் மதில் ஓரமாக நின்றோம். மகள் நகத்தைக் கடித்தாள். அவர் பள்ளிக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பதை இரண்டுமுறை சொன்னார். மணி அடித்து எல்லோரும் வந்தார்கள். கடைசியாக அவள் வந்தாள், முகம் வெளிறிப்போய்.

"எவ்வளவு தொட்ட?" என்றேன்.

"நூத்திருபதும்."

"எல்லாம் படிச்சியா?"

"நூத்திப் பதினாலு வரைக்கும் படிச்சேன். கடைசி ஆறு கண்ணை மூடிட்டுப் போட்டேன்." அதைச் சொல்லும்போது திருடிவிட்டு வந்தவள்போலக் குரலைத் தாழ்த்தினாள்.

மதிப்பெண் வந்த அன்று ஜன்னலில் கூட்டம். வரிசை முடியும்வரை அவள் கைபேசியைத் தொடவில்லை. முடிந்ததும் பார்த்தாள். தொண்ணூற்றுநாலு. என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் பல்லாக, "இருபத்தாறு தப்பு, அக்கா" என்றாள். ஒரு கமாவுக்காக என்னைப் பதினாறு வருஷம் பாடாய்ப் படுத்தியவள், தன் இருபத்தாறு தப்பைப் பிள்ளை பெற்றவள்போலச் சொல்லிக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தும்முவதுபோல் நடித்தேன்.

இரண்டு வாரத்தில் சேர்க்கைப் பட்டியல் வந்தது. அந்த வருஷம் தொண்ணூற்றுமூன்றோடு இடம் முடிந்திருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். முதல் வகுப்புக்குக் கிளம்பிய மாலை, ஜன்னல் மூடுகிற நேரத்தில் ஒரு பெரியவர் தடித்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அவள் வழக்கமான வரியைச் சொன்னாள். பிறகு பையைத் தோளில் மாட்டி வெளியே போய், "நானும் வக்கீல்கள் அறைப் பக்கமாத்தான் போறேன், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். சட்டக் கல்லூரி அதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

விடைத்தாளின் நகலும் கேள்வித்தாளும் அதற்கு அடுத்த வாரம் தபாலில் வந்தன. ஆமாம், ஜெயித்த பிறகும் மனுப் போட்டிருந்தாள். மேஜையைத் துடைத்தோம், உட்கார்ந்தோம். நான் படிக்க, அவள் சரி, தப்பு என்று சொல்லிக்கொண்டே போனாள். நூற்றுப் பதினாலு முடிந்ததும் கூட்டினேன். தொண்ணூற்றிரண்டு. இன்னும் அந்த ஆறுதான் மிச்சம்.

"நூற்றுப் பதினைந்து, ஆ."

"தப்பு."

"பதினாறு, ஈ."

"தப்பு."

"பதினேழு, அ."

"சரி."

"பதினெட்டு, அ."

"தப்பு."

"பத்தொன்பது, இ."

"சரி" என்றாள்.

நூற்றிருபதாவதும் தப்பு. நான் கூட்டியதை அவளும் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். அந்த இரண்டு இல்லை என்றால் தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டுக்கு அந்த வருஷம் கதவு சாத்தியிருந்தது. அடுத்த வருஷம் அவளுக்கு நாற்பது.

அவள் கேள்வித்தாளை என் பக்கம் தள்ளினாள். "அந்த நூத்திப் பத்தொன்பதைப் படிங்க அக்கா. நான் அதைப் பார்க்கவே இல்ல. மெதுவா, எல்லாத்தோடும்."

படித்தேன். ஒரு கமாவையும் தின்னவில்லை. நிலம், ஒப்பந்தம், சாட்சி என்று நீண்ட பத்தி. பத்தி முடிந்து நாலு விடைகளையும் சொல்லி நிறுத்தினேன். அவள் ஸ்கேலைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் போனது.

"தெரியல அக்கா" என்றாள் கடைசியில். "இப்பவும் தெரியல. அன்னைக்குப் படிச்சிருந்தா இதைக் காலியாத்தான் விட்டிருப்பேன்."